பதப்படுத்திய மண்

இடது காதுக்குப் பின்னால் அட்டை கடித்திருந்தது. என் வீட்டுக்காரர் ஜெஸ்டின், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் ஜன்னலுக்கு வெளியே நின்று தலையைச் சாய்த்துக் காட்டினார்.

"பாரு புள்ள, என்னமோ ஊருது."

உப்புச் சிரட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, கம்பிகளுக்கு இடையால் கையை நீட்டி அதன் மேல் வைத்துத் தேய்த்தேன். அட்டை சுருண்டு கீழே விழுந்தது. இரத்தம் நிற்கவில்லை. அட்டை கடித்தால் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். கடதாசியில் சிறு துண்டு கிழித்து ஒட்டிவிட்டேன்.

"இந்த லயத்துல இருக்கிற அட்டைக்கெல்லாம் என்னயத்தான் புடிச்சிருக்கு."

"குளிச்சா அதுங்க வராது."

"குளிச்சா நீ கிட்ட வருவியா?"

"அத்த முன்னுக்கு இருக்காங்க. மெதுவாப் பேசுங்க."

சிரித்தார். உள்ளங்கையில் சீனியை வாங்கி நக்கிக்கொண்டே தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் மழைத்தண்ணீர்க் காணுக்குள் இறங்கினார். நான் கோப்பையைக் கழுவினேன்.

எங்கள் லயம், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடு, ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, நடுவில் காம்பரா என்கிற ஒரே அறை, பின்னால் என் மாமனார் கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டி, தகரம் போட்டு இறக்கிய குசினி. குசினிச் சுவருக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண்திட்டு கூரைக்கு மேல் உயர்ந்து நின்றது. சுவருக்கும் திட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாக நடக்கலாம். மழைத்தண்ணீர் ஓடும் காண் அதில்தான். பகலிலும் குசினிக்குள் விளக்குப் போட வேண்டும். நான் ஹாலிஎல டவுனில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"மண்ணு பாக்க" என்றார் ஜெஸ்டின்.

அந்தத் திட்டின் மேல்தான் அவர் உருளைக்கிழங்கு போட நிலம் எடுத்தார். கவனிப்பாரற்றுக் காடாகிப் போன பழைய தேயிலைத் துண்டுகளைத் துப்புரவாக்கி மரக்கறி போடுவதென்றால் போட்டுக்கொள்ளலாம் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஆற்றோரமாக, தட்டையான துண்டுகளாகப் பார்த்து எடுத்தார்கள். இவர் எங்கள் கூரைக்கு நேர் மேலே இருந்த ஒடுக்கமான துண்டைக் கேட்டு வாங்கினார். பன்றி வந்தால் படுக்கையிலிருந்தே கேட்கும் என்பது அவர் கணக்கு. கிழங்கு முற்றும் நேரத்தில் பன்றி ஒரு ராத்திரி வந்தால் போதும், மிஞ்சாது.

தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் வெலிமடைப் பக்கம் கிழங்குத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவார். அங்கே கண்ட மண்ணைப் பற்றி வந்து சொல்வார். "கையில எடுத்தா நத்தார் கேக்கு மாதிரி உதிருது ரொஷா. நம்ம மண்ண எடுத்தா செங்கல்லு மாதிரி கையிலயே நிக்கிது." நூறு வருசத்துக்கு மேல் தேயிலை நின்ற மண் எங்களுடையது. இறுகிப் போய், புளித்துப் போய் இருந்தது. அதை வெலிமடை மண்ணாக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது. ஒரு முறை நல்ல விளைச்சல் எடுத்துவிட்டால் ஹல்துமுல்லையில் ஜெஸீம் நானாவுடைய நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, அங்கேயே ஒரு அறையும் பார்த்துப் போய்விடலாம் என்றார். ஜெஸீம் நானா மரக்கறி லொறி வைத்திருப்பவர். விதைக்கிழங்கு தந்ததும் அவர்தான். லயத்தை விட்டுப் போவது என்று ஜெஸ்டின் வாயால் சொல்லி நான் கேட்டது அந்த வருசம்தான். அதன் பிறகு அவர் கொண்டுவந்து குவித்த கோழி எருவின் நாற்றத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாமியார் சொன்னார். "கோழிப்பீ நாத்தத்துல செபமால சொல்ல முடியலடா. மாதாவே மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறா."

"கெழங்கு கறி வைக்கிறப்போ ஒங்க மாதாவுக்கும் ஒரு தட்டு வைங்க."

பழைய தேயிலைச் செடிகளின் மூடுகளை வேரோடு கிளப்புவதுதான் பெரிய வேலையாக இருந்தது. பக்கத்துக் காம்பரா மாரிசாமி மாமா அதற்கு உதவினார். மலைகளில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தேயிலை வைக்கும் கேங்குக்கு அவர் வெகு காலம் கங்காணியாக இருந்தவர். புதுக் கன்று வைக்கும் மண்ணில் பென்சில் தடிப்புக்கு மேல் ஒரு பழைய வேர்கூட இருக்கக் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். இருந்தால் அது அழுகி, நோய் புதுக் கன்றுக்கு ஏறும். ஓய்வு பெற்ற பிறகும் மாமா ஒரு பென்சில் துண்டைக் காதில் செருகிக்கொண்டுதான் திரிவார். திட்டின் மேல் குந்திக்கொண்டு, ஜெஸ்டின் கிளப்பிய குழிக்குள் தெரிகிற வேருக்குப் பக்கத்தில் பென்சிலைப் பிடித்துப் பார்ப்பார்.

"இது மொத்தமா இருக்கு மாப்ள. எடு."

"மாமா, அது நூலு மாதிரி இருக்கு."

"நூலுன்னா ஒன் பொண்டாட்டிகிட்டக் குடு, தைக்கட்டும். எடுடா."

அலவாங்கால் நெம்பி, கையால் பிடித்து இழுத்து, திட்டின் விளிம்பு வரைக்கும் எல்லா வேரையும் எடுத்தார்கள். வேர்கள் குசினிக்கு விறகாக வந்தன. தேயிலை வேர் நன்றாக எரியும். நான் அதில்தான் அந்த மாதங்களில் சமைத்தேன்.

பிறகு கொத்தினார். தேயிலைக்கு மண்ணைப் புரட்டுவதில்லை. நீளப் பல் வைத்த இரும்பு முள்ளைக் குத்தி அசைத்து விடுவதோடு சரி. கிழங்குக்கு அப்படி முடியாது. முழங்கை ஆழத்துக்கு வெட்டி, அடிமண்ணை மேலே கொண்டுவந்து, காயவிட்டு, கட்டியை உடைத்து, திரும்பவும் வெட்ட வேண்டும். கல் இருந்தால் கிழங்கு கோணலாகும் என்று கூழாங்கல்லைக்கூடப் பொறுக்கி எறிந்தார். புளிப்புப் போக டொலமைட் தூவினார். ஒரு மழையை அதற்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு மாட்டெருவும் கோழி எருவும் போட்டுக் கலந்தார். ஒரு நாள் மத்தியானம் இரண்டு கையும் நிறைய அந்த மண்ணை அள்ளிக்கொண்டு கீழே வந்து, என் முன்னால் பிடித்துக் காட்டினார். நான் விரலால் தொட்டேன். பொலபொலவென்று அவருடைய விரல் இடுக்குகளால் ஒழுகியது.

"பாத்தியா, நிக்கிதா? நிக்காது. அதான் பதம்."

இஸ்தோப்பில் தட்டுக்களில் பரப்பிய விதைக்கிழங்குகள் குட்டையாக, ஊதா நிறத்தில் முளை விட்டிருந்தன. கல்லறைத் திருநாள் முடிந்ததும் நடுவதாக இருந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஐப்பசி மழை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த முறை விடவில்லை. மலைக்கு வேலைக்கு எடுக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நான் படிப்பித்த கோயில் நேர்சரியும் பூட்டியிருந்தது. மழையில் மேலேயிருந்து மண் கரைந்து காணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. காண் அடைபட்டால் தண்ணீர் குசினிக்குள் வரும். அன்று மத்தியானத்துக்குப் பிறகு மழை விட்டு வெயில் முகம் காட்டியது. ஜெஸ்டின் காணை வழிக்க இறங்கினார். அப்போதுதான் அந்த அட்டை.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. அரிசி மூட்டையைச் சாய்த்துக் கொட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படி இருந்தது. விளக்கு அணைந்தது. கூரை மரம் ஒன்று முறிந்து, காம்பராவுக்குப் போகும் கதவின் குறுக்கே விழுந்தது. ஜன்னல் வழியாக மண் உள்ளே வந்தது. என் முழங்கால் வரை வந்து நின்றது. கோழி எரு வாசனை மூக்கை அடைத்தது.

"ஏங்க!" என்று கத்தினேன்.

"இங்கதான் இருக்கேன்" என்றார். மிகவும் பக்கத்தில் இருந்தார்.

ஜன்னலின் மேல் பாதியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அங்கே அவருடைய முகமும் வலது கையும் இருந்தன. சுவரோடு அழுத்தி, தோளுக்குக் கொஞ்சம் கீழே வரை மண் மூடியிருந்தது. நான் கம்பிகளுக்கு இடையால் கன்னத்தைத் தொட்டேன்.

"வலிக்குதா?"

"வலிக்கல. இறுக்குது. நீ?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"அம்மா?"

கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் தட்டிக்கொண்டிருந்தார். "ரொஷானி, கதவத் தெற! கதவத் தெற!" என்று கத்தினார். கதவு குசினிப் பக்கம் திறப்பது. இந்தப் பக்கம் மண்ணும் மரமும் கிடந்தன. நான் மரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு முனை அசைந்தது, மறுமுனை மண்ணுக்குள் இருந்தது.

"அத்த, மாரிசாமி மாமாவக் கூப்பிடுங்க! இவரு மண்ணுக்குள்ள இருக்காரு!"

அவர் ஓடும் காலடி கேட்டது. பிறகு லயம் முழுவதும் சத்தம்.

சோற்றுப்பானை மூடியை எடுத்து அவருடைய கழுத்தடி மண்ணை அள்ளிக் குசினிக்குள் கொட்டத் தொடங்கினேன். ஒரு மூடி அள்ளினேன். அந்த இடம் உடனே நிரம்பியது. இன்னொன்று அள்ளினேன். மேலேயிருந்து அவர் தலையில் விழுந்து, கண்ணுக்குள் போயிற்று. நான் அள்ள அள்ள, தடுக்க ஏதுமில்லாமல் அது இறங்கிக்கொண்டே இருந்தது. பிடித்து நிற்க அந்த மண்ணில் ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை.

"அள்ளாத ரொஷா" என்றார். "அள்ளாத. இது நிக்காது. நான் பதப்படுத்துன மண்ணு."

ரொட்டி சுடுகிற, காம்பு வைத்த இரும்புத் தட்டு அடுப்புப் பக்கத்தில் இருந்தது. அதைக் கம்பிகளுக்கு இடையால் ஒருக்களித்து வெளியே விட்டு, மறுபடி தட்டையாகத் திருப்பி, அவருடைய முகத்துக்கு மேல் கூரை மாதிரிப் பிடித்தேன். மேலிருந்து விழுந்த மண் தட்டில் பட்டு அந்தப் பக்கம் சரிந்தது. கையை எடுத்தால் தட்டு அவருடைய நெற்றியில் விழும். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். என் கால்கள் மண்ணுக்குள் இருந்தன. முதுகு சுவரில் முட்டியது. குசினியில் எனக்கு மிஞ்சியிருந்தது நிற்கிற இடம் மட்டும்தான்.

ஆட்கள் வந்துவிட்டார்கள். மழையினால் எல்லா ஆம்பிளைகளும் வீட்டில் இருந்தார்கள். காணின் இரண்டு முனையிலிருந்தும் மண்ணை இழுத்தார்கள். இழுத்த அளவுக்கு நடுவில் இறங்கியது. யாரோ திட்டின் மேல் ஏறும் சத்தம் கேட்டதும் ஜெஸ்டின் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"மேல யாரும் கால் வைக்காதீங்க! பாதிதான் வந்திருக்கு! மிச்சம் மேல நிக்கிது!"

மேலே சத்தம் நின்றது. இறங்கி வந்தார்கள்.

"போலிசுக்குச் சொல்லியாச்சு" என்று யாரோ சொன்னார்கள். "ஆமிக்காரங்களும் வாராங்களாம். கீழ வளைவுல ரோட்டுலயும் மண்ணு விழுந்திருக்காம். அத எடுத்துட்டு வருவாங்களாம்."

ஜெஸீம் நானாவின் குரலும் கேட்டது. பக்கத்து லயத்துக்கு லீக்ஸ் ஏற்ற வந்தவர், வழி அடைபட்டு லொறியோடு தோட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். லொறிக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார்.

கூரைத் தகரம் ஒன்றை நெம்பி எடுத்தார்கள். வெளிச்சம் விழுந்தது. மாரிசாமி மாமாவின் முகம் அந்த ஓட்டையில் தெரிந்தது. காதில் பென்சில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், சுவரை ஒரு தடவை பார்த்தார்.

"மாப்ள, கேக்குதா?"

"கேக்குது மாமா."

"வெளியால ஒன்ன எடுக்க முடியாதுடா. எடுக்க எடுக்க வருது. உள்பக்கத்தால சுவத்த ஒடச்சு குசினிக்குள்ள இழுக்கணும். வேற வழி இல்ல."

"ஆமா மாமா. நானும் அதத்தான் நெனச்சேன்."

"சுவத்த ஒடச்சா மண்ணு உள்ள வரும். பொம்பளப் புள்ள உள்ள இருக்கக் கூடாது."

"நா வரல" என்றேன்.

"புள்ள..."

"நா வரல மாமா. தட்ட யாரு புடிக்கிறது? நா கைய எடுத்தா மண்ணு இவரு மூஞ்சியில விழும்."

"நீ வந்ததும் நா எறங்குறேம்மா. ரெண்டு பேர் நிக்க எடமில்ல."

அது உண்மை. நான் அங்கே இருக்கும்வரை அவரை எடுக்க முடியாது. நான் அங்கிருந்து போனால் அவருடைய முகத்தை மூடிவிடும். மாமா மேலேயிருந்து திரும்பத் திரும்ப ஒரே விசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். காம்பராக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் உரக்கச் செபித்துக்கொண்டிருந்தார். அருள் நிறைந்த மரியே பாதியில் நின்று, முதலிலிருந்து தொடங்கி, திரும்பவும் பாதியில் நின்றது.

ஜெஸ்டின் மெதுவாகப் பேசினார். மூச்சு வாங்கி வாங்கித்தான் வந்தது.

"ரொஷா. துவாய் இருக்கா?"

"இருக்கு."

"தட்டுக் காம்ப கம்பியில சேத்துக் கட்டு. இறுக்கிக் கட்டு. அசையாது."

தோளில் கிடந்த துவாயைப் பல்லால் கிழித்தேன். ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்றினேன். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது தடவை பல்லாலும் பிடித்து இழுத்தேன். கையை எடுத்துப் பார்த்தேன். தட்டு அப்படியே நின்றது.

"நிக்கிதா?"

"நிக்கிது."

"அப்ப போ."

"நீங்க..."

"போ புள்ள. நீ நின்னுக்கிட்டே இருந்தா நா எப்ப வெளிய வாறது?" அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. எண்ணெய் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு நான் இன்னும் தலை வாரிக்கொண்டு நின்றால் வருகிற அதே எரிச்சல்.

அவருடைய விரல்களைப் பிடித்தேன். மண் ஒட்டியிருந்தது. பிறகு விட்டேன். மண்ணிலிருந்து காலை உருவி, விறகு அடுக்கும் அட்டாலில் மிதித்து ஏறினேன். மேலேயிருந்து கைகள் என்னைப் பிடித்தன. தகரத்தின் ஓரம் என் முழங்கையைக் கிழித்தது. ஜெஸீம் நானா, "தங்கச்சி, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று என்னை நகர்த்திவிட்டு, கயிற்றை மாரிசாமி மாமாவின் இடுப்பில் கட்டினார். மாமா இறங்கினார்.

நான் கூரையின் ஓரத்தில், ஓட்டைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். உள்ளே மாமா அலவாங்கை ஜன்னலுக்குக் கீழே செருகினார். முதல் கல் அசைந்தது. இரண்டாவது கல் வெளியே வந்து விழுந்தது.

"மாப்ள, ஒன் சட்ட தெரியிது."

"மாமா, அந்தப் பென்சில் கீழ விழுந்துறப் போவுது. தேட ஏலாது" என்றார் ஜெஸ்டின்.

மாமா சிரித்தார் என்று நினைக்கிறேன். ஒரு சத்தம் வந்தது. அப்போது திட்டின் மேல் மிச்சம் நின்றது முழுவதும் இறங்கியது.

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக இழுத்தார்கள். மாமா இடுப்பு மடங்கி, வாய் நிறைய மண்ணோடு ஓட்டையால் வெளியே வந்தார். குசினி நிறைந்திருந்தது. கூரை ஓட்டை வரைக்கும் கறுப்பு மண். அதன் மேல் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே அவரை எடுத்துவிட்டார்கள். காம்பராப் பக்கத்துச் சுவரை உடைத்து, மண்ணை முன்வாசலால் வாளி வாளியாகக் கைமாற்றி வெளியே கொட்டினார்கள். பொம்பளைகளும் வரிசையில் நின்றார்கள். அவரைத் தூக்கி இஸ்தோப்பில் விதைக்கிழங்குத் தட்டுக்களைத் தள்ளிவிட்டுக் கிடத்தினார்கள். நான் கம்பியில் கட்டிய ரொட்டித் தட்டு அசையவில்லை. முகத்தில் மண் இல்லை. நெஞ்சு தாங்கவில்லை என்று பிறகு ஆசுபத்திரியில் சொன்னார்கள். என் மாமியார் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தூங்குற மாதிரி இல்ல. அவன் வாயத் தெறந்துக்கிட்டுத்தான் தூங்குவான்" என்றார்.

அடக்கத்துக்குப் பிறகு எங்களைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் லயம் முழுவதையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மண்ணைப் பரிசோதிக்க ஒரு பெண் அதிகாரி பதுளையிலிருந்து வந்தாள். சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் பேசினாள். மாரிசாமி மாமா அவளுக்கு இடத்தைக் காட்டினார். நானும் கூடப் போனேன். சரிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் திட்டு அப்படியே நின்றது. அதன் விளிம்பில் பழைய தேயிலை மூடுகள் இருந்தன. வெட்டுப்பட்ட மண்ணிலிருந்து வேர்கள் சடை மாதிரித் தொங்கின. நடுவில் இருந்த பள்ளத்தில் ஒரு வேர்கூட இல்லை. அவள் அதைப் படம் எடுத்தாள்.

"இந்த இடத்தில் மட்டும் வேர் எங்கே?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு மாமா என்னிடம் சொன்னார்: "மலையில புடுங்குறப்போ எங்க மேடு, எங்க ஓரம்னு பாக்குறது இல்லம்மா. புடுங்கு, பென்சில வை. அம்புட்டுத்தான். கெழங்குக்கு அந்தச் சட்டம் இருக்கா இல்லியான்னு நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கவே இல்ல." அவர் என்னிடமிருந்து எதையோ எதிர்பார்த்து நின்றார். "மேல ஏறாதீங்க மாமா, வழுக்கும்" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டாலும் எங்கே போனாலும் அடுத்த காம்பராவில் அவர்தான் இருக்கப்போகிறார்.

விதைக்கிழங்குகளை ஜெஸீம் நானா எடுத்துப்போய்த் தன் நிலத்தில் போட்டார். மாசி மாதம் ஒரு பை கொண்டுவந்து தந்தார். மாமியார் வாங்கி வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தார். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். நல்ல மாக்கிழங்கு.

கீழ்க்கணக்கில் காலியாக இருந்த ஒரு காம்பராவைத் தந்தார்கள். தோட்டத்தில் பெயர் போட்டு வேலை செய்கிற ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் காம்பரா. ஜெஸ்டின் இல்லை, மாமியாருக்கு வயதாகிவிட்டது. ஆகவே நான் நேர்சரியை விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் பெயர் கொடுத்தேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என்னைப் பார்த்ததும் சில பேர் "டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாமார் எனக்குக் கூடை கட்டப் படிப்பித்தார்கள். ஹாலிஎலயிலிருந்து என் தம்பி வந்து, "அக்கா, எங்க வீட்டுக்கு வந்துரு" என்றான். அவனுடைய வீட்டில் எனக்கு ஒரு மூலை இருக்கும். மாமியாருக்கு இல்லை. நான் போனால் காம்பராவும் போகும். அவர் எங்கே போவார்? இதை அவனிடம் சொன்னேன்.

"அவங்களயும் கூட்டிக்கிட்டு வா" என்று அவன் சொல்லவில்லை. சொல்லமாட்டான் என்று எனக்கும் தெரியும். அவனுக்கும் இரண்டு அறைதான்.

மாமியாரிடமும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"அத்த, எங்கயாச்சும் போவமா?"

"எங்க?"

அதற்கு மேல் நானும் யோசித்திருக்கவில்லை. அவர் செபமாலையை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். ஒரு செபத்தை முடித்துவிட்டு, "மழைக்கு மட்டும் வேற எங்கயாச்சும் போய் இருப்போம்" என்றார்.

மழை வந்தால் இருவரும் மடுவத்துக்குப் போய்விடுவோம். பாயும் தலையணையும் உரப்பையில் கட்டித் தயாராக இருக்கும். காம்பராவில் இருக்கிற நாட்களில் அவர் கதவைச் சாத்தவிடுவதில்லை. குளிர் அடிக்கும். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன். எனக்கும் சாத்தாமல் இருப்பதுதான் நல்லது.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் புது வீடு கட்ட இடம் பார்த்திருப்பதாக ஒரு நாள் பெரிய ஆட்கள் வந்தார்கள். கோயிலுக்கு எதிர்ப்பக்க மலையில், சரிவு குறைந்த ஓர் இடம். நல்ல இடம்தான். தேயிலைக்கு நடுவில் குச்சி நட்டு, சிவப்பு நாடா கட்டினார்கள். யாருக்கு எந்தத் துண்டு என்றுகூடக் காட்டினார்கள். என்னுடையது மேல் வரிசையில் ஓரத்தில் வந்தது. மாமியார் போய் நின்று பார்த்துவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்றார். அடுத்த மழையில் நாடாக்கள் வெளுத்துப்போயின. குச்சிகளை யாரோ விறகுக்கு எடுத்துவிட்டார்கள்.

அந்த மலை இன்னும் தேயிலை மலைதான். முறை வரும்போது நாங்கள் அங்கேயும் போய்க் கொழுந்து எடுக்கிறோம். மேல் வரிசை ஓரத்தில் கொழுந்து நன்றாக வருகிறது.